அலுவலகக் கணினிகளுக்கு நீண்டகால ஆதரவு உலாவி: தேர்விலிருந்து மாற்றம் வரை

ஃபயர்பாக்ஸ், குரோம், எட்ஜ் மூன்றும் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிட்டு வந்திருக்கின்றன. வீட்டுக் கணினியில் அது வந்து போவதே தெரியாது. ஜூரோங்கில் கிடங்கு, ராபின்சன் ரோட்டில் தலைமை அலுவலகம் என்று சில நூறு கணினிகளை நடத்தும் நிறுவனத்தில் நிலைமை வேறு. சம்பளக் கணக்கு, விடுப்பு விண்ணப்பம், சரக்கு இருப்பு எல்லாமே உலாவிக்குள்தான் ஓடுகின்றன. அச்சிடும் சாளரம் கொஞ்சம் மாறினாலே உதவி மேசையின் தொலைபேசி ஓயாது. அந்த மாற்றங்களைச் சோதித்துப் பார்க்க அவகாசம் தருவதற்காகவே நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இருக்கின்றன. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஐடி ஊழியர்களுக்காக இதை எழுதுகிறோம்.

இந்தப் பதிப்பில் நிறுத்திவைக்கப்படுவது புதிய வசதிகளும் தோற்ற மாற்றங்களும் மட்டுமே. பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும், அவற்றைப் போட்டே ஆகவேண்டும். "நீண்டகாலப் பதிப்பு போட்டாச்சு, இனி ஒரு வருஷத்துக்குத் தொடவேண்டாம்" என்று அப்டேட்டை முழுவதுமாக அடைத்துவிடும் அலுவலகம், சாதாரண உலாவி வைத்திருக்கும் அலுவலகத்தைவிட மோசமான நிலையில் இருக்கிறது.

2025 மார்ச் 14 அன்று நடந்ததை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். உலாவியோடு கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்களான நீட்சிகளைச் சரிபார்க்க ஃபயர்பாக்ஸ் பயன்படுத்திய ஒரு மூலச் சான்றிதழ் அன்று காலாவதியானது. 128-க்கு முந்தைய சாதாரணப் பதிப்புகளிலும் 115.13-க்கு முந்தைய இஎஸ்ஆர் (ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவு வரிசை) பதிப்புகளிலும் நீட்சிகள் முடங்கும் நிலை வந்தது. அப்டேட்டைத் திறந்து வைத்திருந்தவர்களிடம் பல மாதங்களுக்கு முன்பே சரியான பதிப்பு போய்ச் சேர்ந்திருந்தது.

என்னென்ன கிடைக்கிறது

மோசில்லாவின் ஃபயர்பாக்ஸ் இஎஸ்ஆர் 2012 ஜனவரியில் 10-ஆம் பதிப்போடு தொடங்கியது. சுமார் ஓராண்டுக்கு ஒரு பதிப்பை அடித்தளமாக எடுத்துக்கொள்வார்கள்: 2023-இல் 115, 2024-இல் 128, 2025-இல் 140. சாதாரண ஃபயர்பாக்ஸ் வெளிவரும் அதே நாளில் இஎஸ்ஆருக்கும் 140.1, 140.2 என்று ஒரு திருத்தப் பதிப்பு வரும். தீவிரமான, ஆபத்து மிகுந்த பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்கள் அதில் இருக்கும். சிறிய குறைகள் எல்லாம் பழைய அடித்தளத்துக்குத் திரும்ப எடுத்துவரப்படும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

குரோமிலும் எட்ஜிலும் இதற்கு இணையானது எக்ஸ்டெண்டட் ஸ்டேபிள் என்ற தடம், அதாவது பதிப்புகள் வெளிவரும் தனி வரிசை. 2021-இல் 94-ஆம் பதிப்போடு வந்தது. நீளம் எட்டு வாரம். இரட்டைப்படைப் பதிப்புகள் மட்டுமே இதில் வரும். முதல் நான்கு வாரம் இதுவும் எல்லாருக்கும் வரும் சாதாரண ஸ்டேபிள் தடமும் ஒன்றுதான். அடுத்த நான்கு வாரம் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும். குரோமில் இந்தத் தடம் விண்டோஸுக்கும் மேக்குக்கும் உண்டு.

ஓராண்டு, எட்டு வாரம் என்ற இந்த வித்தியாசம்தான் தேர்வைத் தீர்மானிக்கிறது. விற்பனையாளர் ஒருவர் எழுதிக்கொடுத்த வலைச் செயலி இருந்து, அதில் ஒரு திருத்தம் வாங்கவே மூன்று மாதம் ஆகும் என்றால் எட்டு வாரம் போதாது. அலுவலகம் முழுக்க மைக்ரோசாஃப்ட் அல்லது கூகுள் சேவைகளிலேயே ஓடுகிறது என்றால் எங்கள் கருத்தில் நீண்டகாலப் பதிப்பே தேவையில்லை. சாதாரணத் தடத்தைக் குழுகுழுவாக வெளியிட்டாலே போதும். அழைப்பு மையம், வங்கிக் கிளை, மருத்துவமனைப் பதிவு மேசை, தேர்வு நடக்கும் கணினிக்கூடம், கியோஸ்க் ஆகியவற்றுக்குத்தான் இது உண்மையில் பயன்படும்.

முதலில் கணக்கெடுப்பு

எதையும் நிறுவுமுன் ஒவ்வொரு கணினியிலும் எந்த உலாவி, எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். கோப்புறையைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நிர்வாகி அனுமதி இல்லாத ஊழியர்கூடத் தன் சொந்தப் பயனர் கோப்புறைக்குள் ஃபயர்பாக்ஸை நிறுவிக்கொள்ள முடியும். நீங்கள் பொதுக் கோப்புறையில் இஎஸ்ஆரை நிறுவிய பிறகும் அவர் மேசைத் திரையில் பழைய குறுக்குவழிச் சின்னமே இருக்கும், அவர் அதையே திறந்துகொண்டிருப்பார். 32 பிட் இருக்கும்போது 64 பிட்டை நிறுவினாலும் இதே கதைதான். இரண்டும் வெவ்வேறு கோப்புறையில் அருகருகே உட்கார்ந்துவிடும். பழையதை நீக்கும் கட்டளையையும் நிறுவல் தொகுப்போடு சேர்த்தே அனுப்புங்கள்.

அடுத்து, உலாவிக்குள் ஓடும் செயலிகளின் பட்டியல். உள்ளுக்குள் இருப்பவை மட்டும் போதாது. சிங்கப்பூரில் எந்த நிறுவனத்துக்கும் சிங்பாஸ், கார்ப்பாஸ் வழியாக நுழையும் அரசு வலைத்தளங்கள் அன்றாட வேலை. வருமான வரி ஆணையத்தின் மைடேக்ஸ் போர்ட்டல், மத்திய சேமநிதிக்கு மாதாமாதம் சந்தா செலுத்தும் பக்கம், அரசுக் கொள்முதலுக்கான ஜீபிஸ், வங்கிகளின் வணிகக் கணக்குப் பக்கங்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக அதைத் தினமும் பயன்படுத்தும் ஓர் ஊழியரின் பெயரும் வேண்டும். சோதிக்கப்போவது அவர்தான். கணக்குப் பிரிவில் உள்ளவருக்குத் தெரியும் நெளிவுசுளிவு ஐடி பிரிவுக்குத் தெரியாது.

இஎஸ்ஆருக்கு எப்போது மாறுவது

புதியவர்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான். சாதாரண ஃபயர்பாக்ஸ் 145-இல் இருக்கும் கணினியில் இஎஸ்ஆர் 140-ஐப் போட்டால் உலாவியின் கணக்கில் அது பின்னோக்கிய நகர்வு. புதிய பதிப்பு தொட்ட பயனர் விவரக் கோப்புறையைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள், புதிய விவரக் கோப்புறை உருவாக்குங்கள் என்று ஒரு அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பு வராத கணினியிலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. 67-ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்பாக்ஸ் ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனி விவரக் கோப்புறை வைத்துக்கொள்கிறது. இஎஸ்ஆர் தனக்கென்று புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடும். புத்தகக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் காணாமல் போய்விட்டன என்று ஊழியர் பதறுவார். அவை அழியவில்லை, பழைய கோப்புறையிலேயே பத்திரமாக இருக்கின்றன.

ஆகவே மாறுவதற்குச் சரியான காலம், சாதாரணப் பதிப்பும் இஎஸ்ஆரும் ஒரே எண்ணில் இருக்கும் அந்த நான்கு வாரம். 2025-இல் அது ஜூன் 24-இல் தொடங்கியது, அப்போது இரண்டும் 140. அதைத் தவறவிட்டால் இரண்டு வழி உண்டு. அடுத்த இஎஸ்ஆர் வரும்வரை காத்திருக்கலாம். அல்லது ஒவ்வொருவரின் புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு, புதிய கோப்புறையில் இறக்கலாம். கடவுச்சொல் ஏற்றுமதிக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, யார் திறந்தாலும் படிக்கலாம். வேலை முடிந்த கையோடு அதை அழித்துவிடுங்கள்.

பகிர்மேசை முறை உள்ள அலுவலகங்களில் இன்னொரு எச்சரிக்கை. பயனர் விவரக் கோப்புறையைச் சர்வரில் வைத்து, எந்தக் கணினியில் அமர்ந்தாலும் அதுவே திறக்கும்படி அமைத்திருந்தால், எல்லாக் கணினிகளும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும். காலையில் புதிய பதிப்பில் திறந்தவர் மதியம் பழைய பதிப்புள்ள மேசைக்குப் போனால் மேலே சொன்ன அறிவிப்பு அவருக்கும் வரும்.

நிறுவலும் கொள்கைகளும்

மோசில்லாவின் நிறுவனங்களுக்கான பதிவிறக்கப் பக்கத்திலிருந்து இஎஸ்ஆரின் 64 பிட் எம்எஸ்ஐ நிறுவல் கோப்பை எடுங்கள். மொழிக்கு ஒரு கோப்பு என்பதால் மொழியையும் அங்கேயே தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் இடைமுகமும் உண்டு. ஆங்கிலத்தில் நிறுவிவிட்டுத் தமிழ் மொழித் தொகுப்பைத் தனியாகச் சேர்ப்பதானால் தொகுப்பு அதே இஎஸ்ஆர் பதிப்புக்கு உரியதாக இருக்க வேண்டும். வேறு பதிப்பின் தொகுப்பு ஒட்டாது.

விண்டோஸில் கொள்கைகளை, அதாவது உலாவி எப்படி நடக்க வேண்டும் என்று நிர்வாகி வைக்கும் அமைப்புகளை, குரூப் பாலிசி வழியாகக் கொடுப்பது நல்லது. மோசில்லா தரும் ஏடிஎம்எக்ஸ் (கொள்கை வார்ப்புரு) தொகுப்பில் மோசில்லா, ஃபயர்பாக்ஸ் என்று இரண்டு கோப்புகள் இருக்கும். ஃபயர்பாக்ஸ் கோப்பை மட்டும் சர்வரின் பொதுக் கொள்கைக் கோப்புறையில் போட்டுவிட்டு, பிழைச்செய்தி வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வது வழக்கமாக நடப்பது. தாய்க் கோப்பான மோசில்லா இல்லாமல் மற்றது திறக்காது. கூகுள், குரோம் கோப்புகளுக்கும் இதுவே பொருந்தும். மொழிக் கோப்புகளை அதற்குரிய துணைக் கோப்புறையில் வைக்கவும் மறக்காதீர்கள்.

ஆக்டிவ் டைரக்டரி (கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) இல்லாத இடத்தில், ஃபயர்பாக்ஸ் நிறுவப்பட்ட கோப்புறைக்குள் டிஸ்ட்ரிபியூஷன் என்ற பெயரில் ஒரு கோப்புறை உண்டாக்கி, அதில் பாலிசீஸ் என்ற ஜேசன் கோப்பை வைக்கலாம். அந்தக் கோப்பில் கடைசி வரிக்குப் பின் ஒரு காற்புள்ளி கூடுதலாக நின்றுவிட்டால்கூட முழுக் கோப்பும் புறக்கணிக்கப்படும். உலாவி எந்தப் புகாரும் சொல்லாமல் திறக்கும், ஆனால் ஒரு கொள்கையும் நடப்பில் இராது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முகவரிப் பட்டையில் அபவுட்:பாலிசீஸ் என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். நடப்பில் உள்ள கொள்கைகளும் பிழைகளும் அங்கே தெரியும். மேக்கில் செயலித் தொகுப்புக்குள் கோப்பு வைப்பதைத் தவிர்த்து, சாதன மேலாண்மையின் கட்டமைப்புச் சுயவிவரம் வழியாகக் கொடுங்கள்.

கொள்கைகள் நூற்றுக்கு மேல் உண்டு. தொடக்கத்தில் எல்லாவற்றையும் தொடாதீர்கள். உள் வலைத்தளங்களுக்கு நிறுவனமே வழங்கிய சான்றிதழ் இருந்தால், விண்டோஸின் சான்றிதழ்களை நம்பும் கொள்கையை இயக்குங்கள். ஃபயர்பாக்ஸ் தனக்கென்று தனிச் சான்றிதழ் களஞ்சியம் வைத்திருப்பதால் இதை விட்டுவிட்டால் உள் பக்கங்களில் எச்சரிக்கைத் திரை வர வாய்ப்புண்டு. ஒற்றை உள்நுழைவு (ஒருமுறை நுழைந்தாலே மற்றச் செயலிகளும் திறப்பது) கெர்பரோஸ் என்ற அங்கீகார முறையில் ஓடினால் உங்கள் டொமைன் பெயரை அங்கீகாரக் கொள்கையின் பட்டியலில் சேர்க்க வேண்டும். எட்ஜில் தானாக நுழைந்துகொண்டிருந்தவரை ஃபயர்பாக்ஸ் கடவுச்சொல் கேட்டால், காரணம் பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான். பிறகு பிராக்ஸி, அனுமதிக்கப்பட்ட நீட்சிகள், மேல்தோன்றும் சாளரம் திறக்க அனுமதியுள்ள தளங்கள். அப்டேட்டை முடக்கும் கொள்கையை, வேறொரு கருவி வழியாகத் திருத்தப் பதிப்புகளை நீங்களே அனுப்பும் ஏற்பாடு உறுதியாக இருந்தாலன்றித் தொடாதீர்கள். குறிப்பிட்ட பதிப்பில் நிறுத்திவைக்க வேண்டுமானால் அதற்கென்று தனிக் கொள்கை உண்டு.

குரோம், எட்ஜ் தடம் மாற்றுதல்

இங்கே நிறுவல் கோப்பு வேறல்ல. அதே உலாவிதான், அப்டேட் செய்யும் சேவைக்கு ‘இலக்குத் தடம்’ என்ற கொள்கையில் எக்ஸ்டெண்டட் என்று மதிப்புக் கொடுக்க வேண்டும். இது உலாவியின் கொள்கைத் தொகுப்பில் இல்லை. அப்டேட் சேவைக்கான தனி ஏடிஎம்எக்ஸ் கோப்பில் இருக்கிறது. உலாவித் தொகுப்பை மட்டும் இறக்கிவிட்டு இதைத் தேடுபவர்களுக்குக் கிடைக்காது. டொமைனில் சேராத, மேலாண்மையில் பதியாத கணினிகளில் இந்த அமைப்பு வேலை செய்யும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம்.

மாற்றும் நாளைப் பார்த்து வையுங்கள். ஸ்டேபிள் ஒற்றைப்படை எண்ணில் இருக்கும்போது தடத்தை மாற்றினால், எக்ஸ்டெண்டட் தடம் அதைவிடப் பின்தங்கியிருக்கும். கணினி பின்னோக்கிப் போகாது. அடுத்த இரட்டைப்படைப் பதிப்பு வரும்வரை அப்படியே நிற்கும், இடையில் பாதுகாப்புத் திருத்தமும் வராது. ஸ்டேபிள் இரட்டைப்படையில் இருக்கும் வாரங்களில் மாற்றினால் இந்த இடைவெளியே இல்லை.

இணைய இணைப்பை மிச்சப்படுத்த, வேலை நேரத்தில் அப்டேட் தேடாதபடி நிறுத்திவைக்கும் கொள்கையும் குரோமின் அப்டேட் சேவைக்கு உண்டு. தொடக்க நேரமும் நிமிடக் கணக்கில் நீளமும் கொடுக்க வேண்டும், உச்ச வரம்பு 960 நிமிடம். காலை 8 மணி முதல் 600 நிமிடம் என்று வைத்துவிட்டு, மாலையில் எல்லாரும் கணினியை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகமாக இருந்தால், அந்தக் கணினிகளுக்கு அப்டேட் என்றைக்குமே கிடைக்காது. மதிய உணவு நேரத்தையாவது திறந்துவிடுங்கள்.

பன்னிரண்டு வார நாள்காட்டி

இஎஸ்ஆரில் பழைய அடித்தளமும் புதிய அடித்தளமும் பன்னிரண்டு வாரம் சேர்ந்து வாழும். 2025-இல் 140.0 ஜூன் 24, 140.1 ஜூலை 22, 140.2 ஆகஸ்ட் 19, 140.3 செப்டம்பர் 16. பழைய 128-இன் கடைசித் திருத்தமான 128.14 ஆகஸ்ட் 19-இல் வந்தது. 140.3 வந்தபோது 128-இல் இருந்தவர்களுக்கான அடுத்த அப்டேட் 140-தான்.

இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: எதுவுமே செய்யாமல் இருந்தால், ஓராண்டின் மாற்றங்கள் அத்தனையும் ஒரே இரவில் எல்லாக் கணினிகளுக்கும் வந்துவிடும். அவகாசம் வாங்குவதற்காக இஎஸ்ஆரைத் தேர்ந்தெடுத்து, அந்த அவகாசத்தைப் பயன்படுத்தாமல் விட்டால் சாதாரணப் பதிப்பைவிடப் பெரிய அதிர்ச்சிதான் கிடைக்கும். பன்னிரண்டு வாரமும் வேலை நடக்க வேண்டும்.

முதல் நான்கு வாரம் ஐடி பிரிவின் கணினிகள் மட்டும். கணக்கெடுப்பில் எழுதிய ஒவ்வொரு செயலியையும் நுழைவிலிருந்து வெளியேறுவதுவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். அச்சிடுதல், பிடிஎஃப் திறத்தல், கோப்பேற்றம், ஸ்மார்ட் கார்டு அல்லது டோக்கன், சரக்கு லேபிள் அச்சுப்பொறி ஆகியவற்றில்தான் கோளாறு வரும். பக்கம் திறக்கிறது என்பதோடு சோதனையை முடித்துவிடாதீர்கள்.

அடுத்த நான்கு வாரம் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இரண்டு மூன்று பேர். மாத இறுதிக் கணக்கு முடிப்பு இந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது வர வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே திறக்கும் பக்கங்கள் அப்போதுதான் வெளிப்படும். கடைசி நான்கு வாரத்தில் மற்ற எல்லாரும், தளம் தளமாக. ஆகஸ்ட் 9 தேசிய தின விடுமுறை இந்தப் பன்னிரண்டு வாரத்துக்குள் விழலாம், நீண்ட வார இறுதிக்கு முந்தைய நாள் எதையும் வெளியிட வேண்டாம்.

ஃபயர்பாக்ஸ் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை, அமெரிக்க நேரப்படி வெளிவரும். நமக்கு அது செவ்வாய் இரவு. புகார்கள் புதன் காலையில் தொடங்கும் என்று கணக்கு வைத்து உதவி மேசையின் ஆள்பலத்தைத் திட்டமிடுங்கள்.

ஆண்டு முழுவதும் இன்னொரு ஏற்பாடும் வேண்டும். ஐடி பிரிவில் நான்கைந்து பேர் சாதாரணத் தடத்திலேயே இருக்கட்டும். அடுத்த இஎஸ்ஆரில் வரப்போவது அவர்கள் கணினியில் மாதாமாதம் தெரிந்துவிடும். 2022-இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் 100-ஆம் பதிப்பைத் தொட்டபோது, பதிப்பு எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் படிக்கும் பழைய செயலிகள் தடுமாறும் அபாயம் முன்கூட்டியே பேசப்பட்டது. இத்தகைய செய்தி விற்பனையாளரிடம் ஆறு மாதம் முன்னால் போனால் திருத்தம் கிடைக்கும், ஆறு நாள் முன்னால் போனால் கிடைக்காது.

இதே பதிப்பு எண் விவகாரம் வேறு விதமாகவும் தொல்லை தரும். சில வலைத்தளங்கள் எண்ணை மட்டும் பார்த்து "உங்கள் உலாவி பழையது" என்று சொல்லிவிடும். ஆதரவில் உள்ள இஎஸ்ஆர் பாதுகாப்பில் புதியது, எண்ணில்தான் பழையது. அந்தத் தளத்தை நடத்துபவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். உலாவியின் அடையாளத்தைப் பொய்யாக மாற்றும் நீட்சியை நிறுவி ஒப்பேற்றாதீர்கள்.

மறுதொடக்கம் என்ற முட்டுக்கட்டை

அப்டேட் இறங்கினாலும் உலாவியை மூடித் திறக்கும்வரை பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருக்கும். முப்பது தாவல்களைத் திறந்துவைத்து வாரக்கணக்கில் மூடாத ஊழியர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். குரோமிலும் எட்ஜிலும் மறுதொடக்க அறிவிப்புக் கொள்கைக்கு 1 கொடுத்தால் பரிந்துரை, 2 கொடுத்தால் கட்டாயம். கால அளவை மில்லி வினாடியில் எழுத வேண்டும். இயல்பான ஏழு நாள் 604800000, இரண்டு நாளுக்குக் குறைக்க 172800000. நாள் கணக்கு என்று நினைத்து 2 என்று எழுதினால் நீங்கள் நினைத்தது நடக்காது. எங்கள் பரிந்துரை: கட்டாயம், இரண்டு நாள், வேலை நேரத்துக்கு வெளியே.

தாக்குதலில் ஏற்கெனவே பயன்படுத்தப்படும் குறை என்று அறிவிப்பு வந்தால் நாள்காட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு அன்றைக்கே திருத்தத்தை அனுப்புங்கள். சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு அவசர உதவிக் குழுவான சிங்செர்ட்டின் எச்சரிக்கைகளுக்குப் பதிந்துகொண்டால் இவை மின்னஞ்சலில் வரும். நிதித்துறையில் இருப்பவர்களுக்கு, உரிய காலத்தில் பாதுகாப்புத் திருத்தம் போடுவது நாணய ஆணைய இணைய நலக் கட்டளைப்படி கடமை. மற்றவர்களுக்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். வாடிக்கையாளர் தரவு கசிந்த பிறகு, உலாவி ஏன் பழையதாக இருந்தது என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். எந்தக் கணினி, எந்தப் பதிப்பு, எந்த நாளில் என்ற பதிவேட்டை வாராவாரம் எடுத்து வைப்பதுதான் அந்தப் பதில்.

பழைய கணினி, பழைய செயலி

விண்டோஸ் 7, 8, 8.1 கணினிகளுக்குக் கிடைக்கும் கடைசி ஃபயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர். குரோம் அவற்றை 109-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. கிடங்கின் எடைமேடைக் கணினி போன்றவை இன்னும் இவற்றில் ஓடலாம். அவற்றை இணையத்திலிருந்து பிரித்து, தேவையான ஒரே உள் முகவரியை மட்டும் அணுகும்படி கட்டிவையுங்கள். 115-ஐப் போட்டதால் அந்த விண்டோஸ் பாதுகாப்பாகிவிடாது.

இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே ஓடும் செயலிக்கு இஎஸ்ஆர் உதவாது. எக்ஸ்புளோரரின் 11-ஆம் பதிப்பு 2022 ஜூன் 15-இல் ஓய்வுபெற்றுவிட்டது. எக்ஸ்புளோரருக்காக எழுதிய பக்கங்களை எட்ஜுக்குள்ளேயே திறக்கும் ஐஇ முறையைக் குறைந்தது 2029 வரை ஆதரிப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அந்த முறையில் திறக்கவேண்டிய முகவரிகளை ஒரு எக்ஸ்எம்எல் பட்டியலில் எழுதி, எட்ஜ் கொள்கையில் அதன் இருப்பிடத்தைக் கொடுக்க வேண்டும். செயலியின் முகவரியை மட்டும் எழுதினால் பல இடங்களில் உள்நுழைவு சுற்றிச் சுற்றி ஆரம்பப் பக்கத்துக்கே வந்து நிற்கும். காரணம், ஒற்றை உள்நுழைவுப் பக்கம் எட்ஜின் சொந்த முறையில் திறந்து, செயலி ஐஇ முறையில் திறப்பதால் இரண்டுக்கும் நடுவே குக்கி கைமாறுவதில்லை. உள்நுழைவு சர்வரின் முகவரியையும் அதே பட்டியலில் நடுநிலைத் தளம் என்று குறித்துவிடுங்கள். வந்த முறையிலேயே அது திறக்கும்.